நரம்பு டாக்டர் எதைப் பார்க்கிறார்?

நம் தோட்டத்து ஜனங்களுக்கு எல்லாமே நரம்புதான். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறு போல இழுத்து நிற்பதும் நரம்பு. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸராக இருந்தவன் நான். "நரம்பு இழுக்குதுங்க ஐயா" என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுளுக்கு, மீதிப் பேருக்கு வேலைக் களைப்பு. கண்ணுக்குத் தெரியும் அந்த நீலக் கோடு ரத்தக் குழாய். இழுத்து நிற்பது தசைநாண். உண்மையான நரம்போ உள்ளே ஒளிந்து கிடக்கிறது. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக விரல் நுனிவரை ஓடும் கரண்டுக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கெட்டால் விளக்கு அணைகிறது. நரம்பு கெட்டால் அது ஆட்டிவைக்கும் தசை வற்றிவிடுகிறது.

கோளாறு கம்பியிலா, விளக்கிலா, இரண்டும் சேரும் இடத்திலா என்று கண்டு சொல்வதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். டாக்டர் படிப்பு, பொது வைத்தியத்தில் மேல்படிப்பு, பிறகு நரம்பியல், அதற்கும் மேலே நரம்பு, தசை நோய்களில் மட்டும் தனிப் பயிற்சி. தலைமுடி நரைக்கத் தொடங்கும்போதுதான் முழு நரம்பு டாக்டர் ஆகிறார்கள். அவ்வளவு படித்தும் குணப்படுத்த முடியாத வியாதிகளே அதிகமாமே, பிறகு எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன்.

சிம்பாங் அம்பாட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். தோட்டத்தை விட்டு வந்து வெகு நாளாகிவிட்டது. அப்பா இன்னும் செம்பனைக் குலை வெட்டப் போகிறார். மூத்த பையனுக்குப் பத்தொன்பது வயது, பத்து காவான் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு அவன் வலது கை மெலிய ஆரம்பித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததால் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. "வேலைக்குப் போக சோம்பல் படுறான்" என்றார் அப்பா. யாரோ செய்வினை என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள். உருவி விடுகிறவர் எண்ணெய் போட்டு உருவினார். கை மேலும் மெலிந்தது.

கடைசியில் ஒருநாள் அந்த அம்மா, "டிரஸர் ஐயா, நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டார். 2014-ல் திறந்த புதுப் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போனோம். பார்த்தவர் இளவயது டாக்டரம்மா, தமிழ்ப் பெண். மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. பையனை நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். சின்னச் சுத்தியலால் முட்டியையும் முழங்கையையும் தட்டினார். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் வரச் சொல்லி, தசையில் மெல்லிய ஊசி செருகி அதில் ஓடும் கரண்டை மெஷினில் பார்த்தார். கழுத்தைப் படமெடுத்தார்கள்.

பையன் அதற்குள் கைப்பேசியில் எதையோ படித்து, இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடுவோம் என்று முடிவு கட்டியிருந்தான். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் வண்டியில் சொன்னான். நரம்பணு வியாதியில் அப்படிக் கொல்லுகிற வகையும் உண்டு, பொய்யில்லை. டாக்டரம்மா அவனை உட்கார வைத்துச் சொன்னார்: "தம்பி, இது அந்த வியாதி இல்லை. இது ஒரு கையோடு நிற்கிற வகை. சில வருஷம் மெலியும், அப்புறம் தானாக நின்றுவிடும். போன சதை திரும்பாது. ஆனால் உயிருக்குப் பயமில்லை."

அவரால் அப்படி அடித்துச் சொல்ல முடிந்தது எப்படி? ஜப்பானில் ஹிராயாமா என்ற டாக்டர் 1959-ல் இளைஞர்களின் கை மட்டும் மெலியும் இந்த நோயை எழுதி வைத்தார். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் கௌரி தேவி என்ற அம்மையார், நரம்பு, தசை நோய்களுக்கே தம் உழைப்பைக் கொடுத்தவர், 1984-ல் தம் குழுவினரோடு இப்படி ஒரு கையோ ஒரு காலோ மெலிந்த 23 பேரைப் பற்றி எழுதினார். பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். நோயாளியை ஒருமுறை பார்த்து அனுப்பிவிட்டால் வியாதி நிற்கிறதா, பரவுகிறதா என்று தெரியாது. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அளந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பொறுமைதான் சிம்பாங் அம்பாட்டுப் பையனுக்கு அன்று தூக்கத்தைக் கொடுத்தது.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று டாக்டர்கள் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சின்ன வயதிலேயே கை கால் மெலிந்து, முகமும் நாக்கும் பலம் குறைந்து, பலருக்குக் காதும் மந்தமாகிற ஒரு வகை வியாதி. இன்று உலகமே அதைச் சென்னையின் பழைய பேரான மெட்ராஸ் என்ற பேரை வைத்துத்தான் அழைக்கிறது. பெரும்பாலும் தென்னிந்தியர்களிடம் காணப்பட்டது. 1971 முதல் 2007 வரை பார்த்த 116 பேரின் விவரத்தை நிம்ஹான்ஸ் டாக்டர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். இதுவும் மெதுவாகப் போவது, பல வருஷம் வாழ விடுவது. ஊர்ப் பேர் ஒரு வியாதிக்கு வருவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். எனக்கென்னவோ பெருமையாகத்தான் இருக்கிறது. சீமைப் புத்தகத்தில் இல்லாததை நம் டாக்டர்கள் நம் ஆட்களைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.

எல்லாமே மருந்தில்லா வியாதி என்றும் நினைக்க வேண்டாம். காலையில் நன்றாக இருந்து, சாயங்காலமானால் இமை கவிழ்ந்து, சாப்பாட்டை மெல்ல முடியாமல் போகிறவர்கள் உண்டு. 1934-ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் ஊசி போட்டு அதற்கு வழி காட்டினார். இன்று மாத்திரையே இருக்கிறது. அதுபோல, சின்னப் பையன் தரையிலிருந்து எழும்போது தன் தொடை மேலேயே கையை ஊன்றி ஏறி எழுந்தால், விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் பலருக்கு வரக்கூடிய தசை வியாதியாக இருக்கலாம். அடுத்த பிள்ளைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நம் பையனுக்கு டாக்டரம்மா கழுத்துப் பட்டை கொடுத்தார். இந்த நோயில் தலை முன்னால் குனியும்போது கழுத்துக்குள் நரம்புத்தண்டு நசுங்குகிறதாம். இரண்டு வருஷம் பட்டையைப் போட்டுக்கொண்டான். கூட்டாளிகள் கேலி செய்தார்கள், கழற்றவில்லை. உருவுவதை நிறுத்தினார்கள். அவன் அப்பா மட்டும் ரொம்ப நாள் பேசாமலே இருந்தார், பிறகு ஒருநாள் காலையில் தாமே அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். மெலிவு மூன்றாம் வருஷம் நின்றது. இப்போது அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறான், இடது கையால்.