லாகோஸ்: தண்ணீர் ஓரத்து நிலம் யாருக்கு?

நைஜீரியா என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் ஊர் லாகோஸ். 1991 வரை நாட்டின் தலைநகரமும் அதுதான். கடலுக்கும் காயலுக்கும் நடுவே தீவும் கரையுமாகப் பரந்து கிடக்கிறது. லாகோஸ் என்பது போர்ச்சுகீசியர் வைத்த பெயர், ஏரிகள் என்று அர்த்தம். யோருபா மக்களுக்கு அது "ஏக்கோ". ஒரு காலத்தில் பெனின் அரசின் படை முகாம் அங்கே இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜாவுக்கு "ஓபா" என்று பட்டம், அரண்மனை எல்லாம் உண்டு. ஆனால் நிலம் அவருடையது அல்ல. "இதேஜோ" எனப்படும் வெள்ளைத் தொப்பித் தலைவர்களின் குடும்பங்கள்தான் பரம்பரையாக நிலத்துக்கு உரியவர்கள். விற்க முடியாத பொதுச்சொத்து மாதிரி.

1851-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் லாகோஸைக் குண்டு வீசித் தாக்கின. அடிமை வியாபாரத்தை ஒழிக்கத்தான் என்றார்கள். அரசர் கோசோகோ துரத்தப்பட்டு, அகிதோயே அரியணை ஏறினார். பத்தே வருடத்தில், 1861-ல், அகிதோயேயின் மகன் தோசுன்மு போர்க்கப்பல் மிரட்டலுக்குப் பணிந்து ஊரையே எழுதிக் கொடுத்தார். அடிமைகளாகப் போனவர்களின் குடும்பங்கள் பிரேசிலிலிருந்தும் சியரா லியோனிலிருந்தும் திரும்பி வந்து குடியேறியதும் இந்த நூற்றாண்டில்தான்.

சரி, ராஜா கையெழுத்துப் போட்டால் குடிமக்களின் நிலமும் போய்விடுமா?

துறைமுகப் பகுதியான அபாபாவில் அரசு நிலத்தை எடுத்தபோது, ஒலுவா பட்டம் கொண்ட தலைவர் அமோது திஜானி இதே கேள்வியோடு வழக்குப் போட்டார். லாகோஸ் கோர்ட் முழு நஷ்ட ஈடு தர மறுத்தது. அவர் விடவில்லை. நில அளவையாளரும் அரசியல்வாதியுமான ஹெர்பர்ட் மெக்காலேயுடன் 1920-ல் லண்டனுக்கே போனார். இந்திய வழக்குகளுக்கும் அப்போது கடைசிக் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சில், 1921-ல் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆட்சிதான் கைமாறியது, மக்களின் நில உரிமை கைமாறவில்லை என்பது அதன் சாரம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயித்த நியாயம், சுதந்திரம் வந்தபின் நிலைத்ததா? 1978-ல் ராணுவ அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநில நிலத்தை மாநிலத்தை ஆளும் கவர்னரின் பொறுப்பில் வைத்தது. 1990 ஜூலையில் மரோக்கோ என்ற குடியிருப்பு புல்டோசரால் இடிக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். பின்னாளில் அந்தப் பக்கத்தில் எழுந்தவை வசதியானவர்களின் வீடுகள்.

காயலின் மேல் மரக்கால் நட்டு வீடு கட்டி வாழ்ந்த மீனவர் ஊர் மக்கோக்கோ. அங்கே கடைக்குப் போவதென்றாலும் படகுதான். ஆண்கள் மீன் பிடிப்பார்கள், பெண்கள் அதைப் புகையில் வாட்டி விற்பார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் இந்த ஊரின் ஒரு பகுதியை 2012-ல் இடித்தார்கள். காலி செய்யக் கொடுத்த அவகாசம் 72 மணி நேரம். ஓதோதோ பாமே என்ற இன்னொரு மீனவர் ஊர் 2016, 2017-ல் அழிந்தது, 30,000 பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். மாற்று இடம் தராமல் இப்படித் துரத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று லாகோஸ் உயர் நீதிமன்றம் 2017 ஜூனில் சொன்னது. அதற்குள் ஊரே இல்லை.

இதே நகரத்தில்தான் கடலை மணல் கொட்டி நிரப்பி, ஏக்கோ அட்லாண்டிக் என்று புது நகரம் எழுப்புகிறார்கள். மரத்தூளையும் குப்பையையும் கொட்டி ஏழை மேடாக்கினால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. பணக்காரன் மணல் கொட்டினால் வளர்ச்சி.

நூறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் கப்பலேறிப் போய் வாங்கி வந்த பதிலை, மரக்கால் வீட்டுக்காரர்கள் இனி யாரிடம் போய்க் கேட்பது? யோசித்துப் பாருங்கள்.