நான் நிரப்பிக் கொடுத்த 10சி

மண்டபத்தில் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கெழுதும் வேலை பார்த்தவன் நான். வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெண்கள் அங்கே இறால் உரித்தார்கள். அவர்களில் பலருக்கு இன்று ஓய்வூதியம் இல்லை. அதில் என் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து நின்றால் கம்பெனியில் வேலையும் நின்றுவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. "அண்ணே, பி.எஃப். காசை வாங்கிக் குடுத்திருங்கண்ணே" என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனால் முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்பது அப்போதைய விதி. தடைக்காலம் முடியும்போது அந்தக் கெடுவும் முடிந்திருக்கும். படிவம் 19, படிவம் 10சி இரண்டையும் நானே நிரப்புவேன். அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். சீசன் தொடங்கியதும் வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்துவிடுவார்கள்.

படிவம் 19 பி.எஃப். சேமிப்புக்கு. 10சி ஓய்வூதியக் கணக்குக்கு. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டுத் திட்டப்படி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால் 58 வயதில் மாதாமாதம் பணம் வரும். இடையில் வேலையை விட்டவர் அந்தப் பங்கைக் காசாக வாங்கலாம். வாங்கினால் அதுவரை செய்த பணி கணக்கிலிருந்து அழிந்துவிடும். காசு வேண்டாம், திட்டச் சான்றிதழ் போதும் என்று அதே 10சி-யில் கேட்கவும் முடியும். அப்படிக் கேட்டால் பழைய பணி அடுத்த கம்பெனிப் பணியோடு சேரும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. விளக்க நேரமாகும், ஆள் காத்திருக்கிறது என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மை வேறு. பணம் வந்ததும் "அண்ணன் வாங்கிக் குடுத்தாரு" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. காசுக்கு முடை இருந்தவர்கள் படிவம் 19-இல் சேமிப்பை மட்டும் எடுத்து அன்றைய செலவைச் சமாளித்திருக்கலாம். ஓய்வூதியப் பங்கில் கைவைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும்.

என் கணக்கையும் இப்படித்தான் கம்பெனி மாறியபோது வழித்தெடுத்தேன். 1977-78-க்குப் பிறகு பி.எஃப். வட்டி 8 சதவீதத்துக்குக் கீழே போனதே இல்லை. அந்த வட்டியில் 40,000 ரூபாயை இருபது ஆண்டு தொடாமல் விட்டிருந்தால் 1,86,000 ஆகியிருக்கும். கணக்கெழுதியே பிழைத்த நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. என் நஷ்டம் என்னோடு போகட்டும்.

வேதாளைக்காரப் பெண் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். வாலிபம் முழுவதும் ஐஸில் கை விறைக்க இறால் உரித்தவர். "எனக்குப் பென்சன் வருமாண்ணே?" என்று கேட்டார். கணக்கில் நான்கு ஆண்டுதான் மிச்சம் இருந்தது. மற்றதையெல்லாம் அழித்த படிவங்களை நிரப்பியது என் கை. அதை அவரிடமே சொன்னேன். அவர் திட்டவில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயாவது வந்தால் மாத்திரைக்கு ஆகும் என்று மட்டும் சொன்னார்.

மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ கம்பெனி வேலையை விடுகிற தாய்மாரே, தம்பிமாரே, 10சி-யில் கையெழுத்து வைக்கும் முன் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். புதிய இடத்தில் சேரும்போது பி.எஃப்.-க்கான பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். படிவம் நிரப்பும் இடத்தில் என்னைப்போல் உட்கார்ந்திருப்பவர்களே, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.