உடுமலை நாள்

மூன்று கிலோவாட் சோலார் என்றால் இன்றைய அளவில் ஆறு பேனல். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கி, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்த பிறகு, கொங்கு நாட்டுச் சிற்றூர் மாடிகளிலும் இந்த ஆறு பேனல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மாட்டிக் கொடுக்க ஆள் உண்டு. கழுவ? பேனலுக்கு 40 ரூபாய் என்று வைத்தால் ஒரு வீட்டில் 240 ரூபாய். அதற்காக யாராவது கோவையிலிருந்து உடுமலைக்கு வண்டி எடுப்பார்களா?

எடுக்கிறார்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பார்க்க, ஆடி மாதத்தில் கோவை சுந்தராபுரத்துக் குழு ஒன்றின் பின்னால் போனேன். பேனல், மில் கூரைத் தகடு, பாசி பிடித்த காம்பவுண்டுச் சுவர், பேவர் பிளாக் தரை என்று கட்டடத்தின் வெளிப்புறம் எதுவானாலும் கழுவுகிறவர்கள். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர். வேலையாட்களுக்கு அவர் அண்ணன், எனக்கும் அப்படியே.

விடிகாலை மூன்றே முக்காலுக்கு ‘குட்டி யானை’ கிளம்பியது. பின்னால் 500 லிட்டர் தொட்டி நிறைய ஷெட்டிலேயே உப்பு நீக்கிய தண்ணீர். போர் தண்ணீரால் கழுவினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும். அழுக்கைவிட அதை எடுப்பது கஷ்டம். இரண்டு பேர் உட்காரும் கேபினில் மூன்று பேர். நடுவில் இருப்பவரின் முழங்கால் ஒவ்வொரு கியருக்கும் இடி வாங்கும். அண்ணனும் நானும் என் காரில்.

இவ்வளவு சீக்கிரம் ஏன்? நல்ல வெயிலில் பேனலின் மேல்பரப்பு அறுபது டிகிரியைத் தொடும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடிக்கு ஆகாது. தவிர, வெளிச்சம் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் வயரில் வோல்ட் நிற்கும். ஆகவே பொழுது புலர்ந்ததும் ஆரம்பித்து ஒன்பதரை, பத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்தத் தொழிலில் விற்பதற்கு இருக்கும் சரக்கே அந்த நாலு மணி நேரம்தான்.

முன்பு அதையும் முழுதாக விற்க முடியவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பெட்ரோல் எஞ்சின் பம்பு வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அது உறுமினால் தெருவே எழுந்து வந்து சண்டை போடும். ஏழு மணிக்கு மேல்தான் தொடங்குவார்கள். மூன்று வீடு முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். இப்போது அந்த இடத்தில் இருப்பது பேட்டரி பம்பு, மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் இருக்குமே, அந்த 12 வோல்ட் வகை. பேனலுக்கு அழுத்தமான தண்ணீர் தேவையில்லை, கூடவும் கூடாது. மெல்லிய பிரஷ்ஷும் நனைக்கத் தண்ணீரும் போதும். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதில்லை. ஆறு வீடு முடிகிறது.

அன்று நாலாவது வீட்டில் ஒரு பேனலின் கீழ் வரிசையில் புறா எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. இருப்பதிலேயே இளைய பையன் அதைச் சுரண்டவில்லை. துணியை நனைத்து அதன்மேல் போட்டுவிட்டு அடுத்த பேனலுக்குப் போனான். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து துடைத்தபோது எச்சம் துணியோடு வந்துவிட்டது. “சொரண்டுனா கோடு விழுந்துருமுங்க” என்றான். ஒரு செல்லை மூடும் அளவு எச்சம் போதும், அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போக. மூடிய இடம் சூடேறிக் கருகவும் செய்யும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கொண்டுவந்து அப்பும் புழுதி இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இனி ரேட்டுக்கு வருவோம். காரில் அண்ணன் கணக்குச் சொன்னார். டீசல், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 14 ரூபாய். போக வர, ஊருக்குள் சுற்ற 140 கிலோமீட்டர்: 1,960 ரூபாய். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, மூன்று பேர். எட்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 900 கூலி என்றால் சாலையில் கழியும் நேரத்துக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம். ஆக, பிரஷ்ஷைத் தொடும் முன்பே 3,000 ரூபாய் செலவு. ஒரே வீட்டுக்கு என்றால் யாரும் தரமாட்டார்கள். ஆறு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 500.

அதனால் உடுமலைக்குப் பேனல் ரேட்டே கிடையாது. வீட்டுக்கு மினிமம் 900 ரூபாய், ‘உடுமலை நாள்’ அன்று மட்டும். பொள்ளாச்சிக்கு ஒரு நாள், பல்லடத்துக்கு ஒரு நாள். ஆறு வீடு சேராவிட்டால் தேதி தள்ளிப்போகும். “இன்னிக்கே வேணுமுன்னா வண்டிச் செலவு முழுசும் உங்க தலைமேலதானுங்க” என்று போனில் ஒருவரிடம் கூச்சமில்லாமல் சொன்னார். அந்தக் கூச்சத்தை விடுவதற்கு அவருக்கு வருடங்கள் ஆகியிருக்கின்றன. என் பார்வையில், வெளியூர் வேலையைப் பேனல் கணக்கிலும் சதுர அடிக் கணக்கிலும் பேசுகிறவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், அல்லது அந்தப் பணத்தை யார் கூலியிலிருந்தோ எடுக்கிறவர்.

பத்து மணிக்கு மேல் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் முகூர்த்தம் இல்லை. மண்டபங்கள் குளித்துக்கொள்ளும் மாதம் அது. பேவர் பிளாக் முற்றம் முழுக்கப் பாசியும் வெற்றிலைக் கறையும். இங்கே மூன்று ஃபேஸ் இருப்பதால் ஐந்தரை கிலோவாட் பிரஷர் வாஷரை மாட்டினார்கள். மணிக்கு ஐந்தரை யூனிட். முன்பிருந்த பெட்ரோல் வாஷர் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய்.

மேனேஜர் கேட்டார்: “கரண்டு எங்களுது, தண்ணி எங்களுது. ரேட்டு மட்டும் அதே ரேட்டுங்களா?”

நியாயமான கேள்வி. அண்ணன் பெட்ரோல் காசு 500 ரூபாயைக் கழித்துக்கொண்டார், மறுபேச்சில்லை. மூன்று மணி நேர வேலையில் எஞ்சின் குடித்தது அவ்வளவுதான். சாலை குடிப்பது 3,000. எலக்ட்ரிக்குக்கு மாறினால் எரிபொருள் மிச்சம் என்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் சின்ன மிச்சம். பெரிய லாபம் விடிகாலையில் கிடைத்த அந்த மூன்று வீடு.

தொல்லையும் உண்டு. திரும்பும் வழியில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் சுவர் வேலை. சிங்கிள் ஃபேஸ், இரண்டேகால் கிலோவாட் மெஷின். பிளக் பாயிண்டிலிருந்து சுவர் ஐம்பது மீட்டர் தள்ளி. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால் இருபது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மோட்டார் முனகிச் சூடேறும். இவர்கள் வைத்திருப்பது இரண்டரை சதுர மில்லிமீட்டர். மூவரில் மூத்தவர் சுருள் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட்டார். சுற்றியபடியே ஓட்டினால் வயர் உருகும். இடையில் முப்பது மில்லிஆம்பியர் கசிவுக்கே தட்டிவிடும் சுவிட்ச். ஈரத்தில் நின்று செய்யும் வேலைக்கு அதில் சமரசமே கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார்.

தோட்டக்காரர் மோட்டார் ரூமைக் காட்டி, “அங்க மூணு ஃபேஸ் இருக்குதே, எடுத்துக்குங்க” என்றார். அது விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பு; வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். மாட்டிக்கொண்டால் அபராதம் தோட்டக்காரருக்கு. மறுத்துவிட்டார்கள், வேலை ஒரு மணி நேரம் கூடிப்போனது.

வண்டியையும் மாற்றலாமே என்றேன். எலக்ட்ரிக் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் இ.வி., 2022இல் வந்தது. அதன் 21.3 கிலோவாட்-மணி பேட்டரிக்கு ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சான்று. ஏற்றும் பாரம் 600 கிலோ. தொட்டித் தண்ணீரே அரை டன், தேவை 140 கிலோமீட்டர். மேடும் பாரமும் சேர்ந்தால் திரும்பி வரும் வழியில் நின்றுவிடும் என்பது அண்ணனின் பயம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. கோவைக்குள் ஓட அது போதும். உடுமலை நாளுக்கு டீசல்தான் இன்னும்.

மூத்த தொழிலாளி இதற்கு முன் வேறோர் இடத்தில் இருந்தவர். அங்கே வேலை இடத்தில் இறங்கிய பிறகுதான் கூலி நேரம் தொடங்கும். “வண்டியில தூங்கிட்டுத்தான வர்றீங்கன்னு சொல்லிப் போடுவாங்க” என்றார். இங்கே மூன்றே முக்காலுக்கு ஷெட் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் தனிக் கூலி. அந்த 900 ரூபாய் மினிமத்துக்குள் அவருடைய தூக்கத்தின் விலையும் இருக்கிறது.

உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் மாடியில் பேனல் வைத்திருப்பவர்கள் கழுவ ஆள் கூப்பிடும் முன் அக்கம்பக்கத்தில் நாலைந்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேட் தானாக இறங்கும். சேர்க்க முடியாவிட்டால் பேரம் பேசாமல் வண்டிச் செலவைக் கொடுத்துவிடுங்கள்.