அக்காளுக்கு எழுத்தறிவித்த காலம்

பள்ளி மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் எப்படியிருக்கும் என்பதை மாணவச் செல்வங்கள் நன்கறிவர். தேர்ச்சி விழுக்காடு, கட்டட வேலையின் நிலை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு நன்றி ஆகியவை முறையே வரும். அவற்றை வேறொரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டுரையும் ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் வற்புறுத்தியதால், கோறனி நச்சில் பெருந்தொற்று நம் நாட்டை முடக்கிப்போட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளில் என் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்கு எழுதுகிறேன்.

என்னுடன் பிறந்தவர் ஒருவரே. என்னிலும் ஏழாண்டு மூத்த அக்காள். 1965ஆம் ஆண்டு, ஆறு வயதில் அவருக்குத் தட்டம்மை கண்டது. அந்நாளில் அதற்கு நம் நாட்டில் தடுப்பூசி இல்லை. 1982ஆம் ஆண்டில்தான் அது குழந்தைகளுக்குப் போடப்படலாயிற்று. லயத்து வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர். மாரியம்மன் கோயில் தீர்த்தம் தெளித்தனர். அம்மை இறங்கியதும் தலைக்கு நீர் ஊற்றினர். அடைத்த செவிகள் மட்டும் திறக்கவே இல்லை. மறு ஆண்டு நான் பிறந்தேன். ஆகவே என் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆயினும் என்னை வளர்த்தவர் அவரே. விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடும் அம்மா, பால்மரம் வெட்டி, பால் எடுத்துத் திரும்ப நண்பகல் ஆகிவிடும். ஆயாக்கொட்டகையில் இடமில்லாத நாட்களில் ஏழு வயதுச் சிறுமியாகிய அக்காளே எனக்கு ஆயா. என் அழுகை அவருக்குக் கேட்காது. ஆதலால் தொட்டில் சேலையின் முந்தானையைக் கிழித்து, அதன் ஒரு முனையைத் தம் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டு பக்கத்தில் படுத்துக்கொள்வாராம். நான் உதைத்தால் விரல் இழுபடும், அவர் விழித்துக்கொள்வார். இதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லி வியந்ததுண்டு.

அவரைப் பள்ளியில் சேர்க்க அப்பா அழைத்துப் போனார். காது கேளாத பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டனர். பினாங்கில் 1954ஆம் ஆண்டிலேயே செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பெற்றிருந்தது. அச்செய்தி எங்கள் லயம்வரை வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் பேருந்துக் கட்டணத்துக்கு அப்பா எந்தக் கங்காணியிடம் கை நீட்டியிருப்பாரோ, அது வேறு கதை. பன்னிரண்டு வயதில் அம்மாவுக்குத் துணையாக மங்கு துடைக்கப் போன அக்காள், இரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடும்வரை அத்தோட்டத்தில் உழைத்தார். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததும் அந்த உழைப்பில்தான். ஆசிரியனாகி வந்த புதிதில் அவருக்கு எழுத்துக் கற்பிக்க முனைந்தேன். பலகையை என் பக்கமே தள்ளிவிட்டு, "எனக்கு எதுக்குத் தம்பி? பசங்களுக்குச் சொல்லிக் கொடு" என்றார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் மறைந்தபின் எங்களுடனேயே இருக்கிறார். என் துணைவியாருக்கு அண்ணி. என் மகளுக்கு அத்தை.

அக்காள் உதட்டைப் பார்த்தே பேச்சை அறிபவர். ஆறு வயதுவரை கேட்ட சொற்கள் அவர் நாவில் அப்படியே நிற்கின்றன. மழை, சோறு, பூனை, ஆத்தா என்று தெளிவாகச் சொல்வார். அதன்பின் உலகுக்கு வந்த சொற்களை எல்லாம் பிறர் வாயசைவிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவர். உதட்டைப் படிப்பது நாம் நினைப்பதுபோல் எளிதன்று. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் ஒரே வகையாய்க் கூடும். பணம் என்றாலும் மணம் என்றாலும் காட்சி ஒன்றே. ககரம் தொண்டையருகே பிறப்பதால் வெளியே தெரியாது; ஆகவே காடும் ஆடும் அவருக்கு ஒன்று. ல, ள, ழ மூன்றும் பல்லுக்குப் பின்னே மறைந்துகொள்ளும். எஞ்சியதை முகக்குறிப்பும் இடமும் பொழுதும் சொல்ல வேண்டும். குறிப்பறிதல் என்னும் பெயரில் வள்ளுவர் ஓர் அதிகாரத்தைப் பொருட்பாலிலும் மற்றொன்றைக் காமத்துப்பாலிலும் வைத்தார். அக்காளுக்கு நாள் முழுவதுமே அந்த அதிகாரந்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. ஒரு வாரத்தில், மார்ச் 18ஆம் நாள், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பொருள் வாங்கக் குடும்பத்தில் ஒருவர் மட்டும், அதுவும் விரைவில் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் செல்லலாம் என்றாயிற்று. வெளியே போனவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டனர். ஆகஸ்டு முதல் நாளிலிருந்து கூட்டமான பொதுவிடங்களில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. மீறினால் 1,000 வெள்ளி அபராதம். நோயைத் தடுக்க அது வேண்டியதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைக்காரர், காய்கறி வண்டிக்காரர், கோயில் பூசாரி என அக்காள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்துவந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடிக்கொண்டன. தொலைக்காட்சியில் சுகாதாரத் தலைமை இயக்குநர் பேசும்போது ஓரத்தில் ஒருவர் சைகைமொழியில் சொல்வார். 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்ட மலேசியச் சைகைமொழி அது. அதை அறிந்தோருக்குப் பேருதவி. அக்காளோ அதைக் கற்றவரல்லர்; அவர் சைகைகள் எங்கள் வீட்டோடு சரி.

"தம்பி, கடையில என்னமோ கேட்டாங்க, தெரியல. இனிமே நான் போகல" என்று ஒருநாள் மாலை கூடையை வைத்துவிட்டுச் சொன்னார். பிறகு, "அந்த எழுத்தைக் காட்டு" என்றார். அப்போது அவருக்கு வயது 61.

மாணவர்க்குப் பாடம் அனுப்பும் வேலையும் எனக்கு இருந்தது. தோட்டத்தில் இணையத் தொடர்பு கிட்டும் இடம் நீர்த்தொட்டி மேடு ஒன்றுதான். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி உள்ள வீடுகளே பல. அக்கைப்பேசியும் தகப்பனார் வேலை முடித்து வந்த பின்னரே கிடைக்கும். ஆகவே பயிற்சித்தாள்களை மளிகைக் கடையில் வைத்து, அரிசி வாங்க வருவோரிடம் சேர்ப்பித்தோம். கடைக்காரர் எந்த வீட்டுப் பிள்ளை தாளைத் திருப்பித் தரவில்லை என்பதைக் கடன் கணக்கோடு சேர்த்தே குறித்து வைத்திருந்தார்! இவ்வேலைகள் முடிந்து மாலை ஐந்து மணிக்கு அக்காளின் வகுப்பு தொடங்கும்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்த எனக்கு அது புதிய தொழிலாக இருந்தது. நாம் ஒலியைச் சொல்லி வரிவடிவத்தைக் காட்டுகிறோம். ஒலியே இல்லாதவருக்கு எதைச் சொல்வது? உயிரெழுத்துகள் எளிதாக வந்தன. வாயின் வடிவமே அவருக்குப் போதும். பகரமும் மகரமும் வந்தபோது இரண்டும் ஒன்றே என்று சாதித்தார். அவர் விரலை எடுத்து என் மூக்கின் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிச் சொன்னேன். மகரத்துக்கு மூக்கு அதிர்ந்தது, பகரத்துக்கு அதிரவில்லை. அக்காள் கண்களை அகல விரித்தார். இவ்விரண்டும் இதழோடு இதழ் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியர் சேர்த்தே சொன்னார்; மெல்லெழுத்துக்கு மூக்கின் காற்றும் வேண்டுமென்பதைப் பிறிதோரிடத்தில் சொன்னார். கல்லூரியில் நான் மனனம் செய்து ஒப்பித்த அந்த இலக்கணத்தை அக்காளின் விரல் தொட்டறிந்தது. ககரத்துக்குத் தொண்டையில் விரல் வைத்தோம். என் மகள் கற்பித்தபோது மட்டும் பாடம் அடிக்கடி சிரிப்பில் முடிந்தது.

ஓராண்டில் அவர் தமிழைக் கற்றுத் தேர்ந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. சிறு சொற்றொடர்களைக் கூட்டிப் படிப்பார். பேசுவதுபோலவே எழுதுவார். அருகில் மூக்கில்லாதபோது பகர மகரங்கள் இடம் மாறிவிடும். சாப்பாடு 'சாம்மாடு' ஆகும். ந, ன, ண மூன்றும் எதற்கு என்று இன்றும் கேட்கிறார். அதற்கு நான் சொல்லும் விடை அவருக்கு நிறைவு தரவில்லை. கைப்பேசியில் எழுத்துகளைத் தொட்டுப் புலனத்தில் செய்தி அனுப்பவும் என் மகள் பழக்கிவிட்டாள்.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தடுப்பூசி போடும் கட்டம் தொடங்கியது. ஒரு மையத்தில் என்னை வாயிலிலேயே நிறுத்திவிட்டனர். உள்ளே எண்ணை வாயால் கூவி அழைத்திருக்கின்றனர். அக்காள் தம் எண்ணைக் கையில் பிடித்தபடி இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். எண்ணை ஒரு பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் போதும். ஒரு சுண்ணக்கட்டியின் செலவு.

ஆகஸ்டு மாதம் நாட்டில் ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் என் துணைவியாருக்கு, பிறகு எனக்கும் அக்காளுக்கும். எங்கள் இருவருக்கும் காய்ச்சலோடு போயிற்று. அக்காளுக்கு விரலில் மாட்டி உயிர்வளி அளவு பார்க்கும் கருவி 93 என்றது, மாலையில் 91, இரவில் 89. மருத்துவ வண்டி வந்தது. துணைக்கு எவரும் போகக்கூடாது. இறங்கியவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை அணிந்திருந்தனர்; கண்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்காள் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

அந்த அரைமணி நேரத்தில் பழைய நாள்காட்டி அட்டையை வெட்டிப் பதினொரு சீட்டுகள் செய்தோம். ஒருபுறம் தமிழும் படமும், மறுபுறம் மலாய். தண்ணீர், வலி, மூச்சுமுட்டல், குளிர், கழிப்பறை என்பன போன்றவை. முதல் சீட்டில், 'சாயா தீடாக் போலே டெங்கார்' என்று எழுதி, உதடு தெரியாததால் எழுதியோ சைகையாலோ காட்டுமாறு கேட்டுக்கொண்டேன். படங்களை என் மகள் வரைந்தாள். சீட்டுகளைத் துளையிட்டு நூலில் கோத்து, அக்காள் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அன்றிரவு செய்தி ஒன்றும் வரவில்லை. காலை 6.40க்குப் புலனம் ஒளிர்ந்தது. "தம்மி மூச்சு மரவாயில்ல." சற்று நேரத்தில் இன்னொன்று: "இங்க யாருக்கும் வாய் இல்ல." அந்த அறையை இதனினும் செம்மையாக எவரும் விவரித்திருக்க முடியாது. என் மகள் வரைந்த கழிப்பறை ஒரு குடிசை போலிருந்ததால், மலாய்த் தாதி ஒருவர் அக்காள் வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்று எண்ணிக் கையசைத்து மறுத்தாராம். பிறகு சீட்டைப் புரட்டிப் படித்துச் சிரித்தாராம். வாய் தெரியாதபோது சிரித்தது எப்படித் தெரியும் என்று கேட்டெழுதினோம். "கண்ணு" என்று விடை வந்தது.

ஐந்தாம் நாள் மருத்துவர் அழைத்தார். உயிர்வளி போதவில்லை; தொண்டைக்குள் குழாய் செலுத்திக் கருவியால் மூச்சுக் கொடுக்க நேரலாம்; அதற்கு முன் மயக்க மருந்து கொடுக்கப்படும்; நோயாளிக்கு இதை விளக்க எங்களால் இயலவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். எனக்கு அதுவரை வாய்த்த கட்டுரைப் பயிற்சிகளில் அதுவே கடினமானது. அக்காள் படிக்கத் தெரிந்த சொற்களாக இருக்க வேண்டும்; பகரமும் மகரமும் குழம்பக்கூடாது; அச்சுறுத்தக்கூடாது; பொய்யும் கூடாது. 'நான் வாசலில் இருக்கிறேன்' என்று எழுதி, அது உண்மையன்று என்பதால் அழித்தேன். அரைமணி நேரம் கழித்து அனுப்பியது இதுதான்: "மூச்சுக்குக் குழாய் வைக்கலாம். தூக்கம் வரும். எழுந்ததும் எனக்கு எழுது."

என் துணைவியாரும் மகளும் இருபுறமும் நின்று அந்தச் சிறு திரையையே பார்த்தவண்ணம் இருந்தோம். நெடுநேரம் கழித்து, "சரி. செடிக்கு தண்ணி ஊத்து" என்று வந்தது. முற்றத்துக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக் கன்றுக்கும் என் மகள் அந்த இரவு நேரத்திலேயே போய் நீர் ஊற்றினாள்.

குழாய் வைக்க நேரவில்லை. மறுநாளிலிருந்து உயிர்வளி சிறிது சிறிதாக ஏறியது. முன்னரே இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தது காரணமாயிருக்கலாம் என்றார் மருத்துவர். பதினான்காம் நாள் அக்காள் வீடு திரும்பினார். மெலிந்திருந்தார். கழுத்தில் சீட்டுகள் பன்னிரண்டாக இருந்தன. அந்த மலாய்த் தாதி தம் பெயரை ஓர் அட்டையில் எழுதி, கீழே சிரிக்கும் வாய் ஒன்றை வரைந்து சேர்த்திருந்தார்.

இப்போது கடைகளில் வாய்கள் மீண்டும் தெரிகின்றன. அக்காளே கூடையெடுத்துப் போய் வருகிறார்; மறதிக்காகச் சாமான் பட்டியலும் எழுதிக்கொள்கிறார். பருப்பு அதில் 'மருப்பு' என்றே இருக்கும். கடைக்காரர் அதைத் திருத்துவதில்லை, பருப்பையே கொடுக்கிறார். தம்மைப் பற்றி மலரில் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுத்து பெருசா போடச் சொல்லு" என்றார். மலர்க்குழுவினரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். நாளொன்றுக்கு அரைப் பக்கம் அவர் படிக்கும் வேகம். இக்கட்டுரையைப் படித்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் ழகரத்தைப் பற்றி என்னிடம் நாலைந்து கேள்விகளாவது கேட்பார்.