ஆணி குத்திய இடம்

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. டயரை ஒட்டி ஓட்டலாமா, மாற்றியே ஆக வேண்டுமா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தரையில் பதியும் பட்டன் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்குகள் உண்டு. அங்கே குத்திய ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தாராளமாக ஒட்டலாம். பக்கச் சுவர் அப்படியில்லை. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அது மடங்கி நிமிர்கிறது; அங்கே போடும் ஒட்டு நிலைக்காது. பட்டனும் பக்கச் சுவரும் சேரும் தோள் பகுதிக்கும் இதே கதிதான். வேகமாகப் போகும்போது அது வெடித்தால் வண்டி கைக்குள் நிற்காது.

நல்ல இடத்தில் குத்தியிருந்தாலும் ஒட்ட முடியாத டயர் உண்டு. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் அதை நேரில் பார்த்தேன். காரை ஓட்டி வந்தவன் என் அக்கா மகன். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். பட்டனின் நட்டநடுவில் ஒரு திருகாணியைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின.

"ஸ்டிரிப் போட்டு விட்டுருங்கண்ணே, நேரமாகுது."

"காத்து இறங்கின பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீங்க தம்பி?"

"கடை தேடி ரெண்டு, மூணு கிலோமீட்டர் இருக்கும்ணே."

அவர் மறுபேச்சு பேசாமல் டயரை ரிம்மிலிருந்து கழற்றினார். உள்ளே கைவிட்டுத் துழாவி, அள்ளியதை எங்கள் முன் நீட்டினார். உள்ளங்கை நிறையக் கறுப்பு ரப்பர்த் தூள். பக்கச் சுவரின் உட்புறம் வட்டமாக அரைபட்டு, நூலிழைகள் வெளியே தெரிந்தன.

"வெளியில பார்த்தா புதுசு மாதிரிதான் இருக்கு. இதுல ஒட்டுப் போட்டு உங்களை அனுப்ப மாட்டேன். ஸ்டெப்னி மாட்டித் தரேன். ஊருக்குப் போனதும் வேற டயர் வாங்கிடுங்க."

கழற்றி மாட்டிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஸ்டிரிப்பைத் திணித்துக் காசு பார்ப்பது அவருக்குச் சில நிமிட வேலை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

வெளியிலிருந்து குத்தும் ஸ்டிரிப், வழியில் வண்டியை நகர்த்த உதவும். ஆனால், டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, ஓட்டையை அடைத்து, உள்ளே பட்டையும் ஒட்டுவதே முழுமையான வேலை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் எந்த ஒட்டும் வீண்செலவு. நம் நாட்டுச் சட்டமே அதற்குமேல் தேய்ந்த கார் டயரை அனுமதிப்பதில்லை. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வயதான ரப்பர், பட்டன் மிச்சமிருந்தாலும் வெடிப்பு விடும்.

புது டயருக்குச் சில ஆயிரங்கள் ஆகும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையில்லை. ஒட்டத் தகுந்ததை வீணாகத் தூக்கிப்போட வேண்டாம். பக்கச் சுவரில் ஓட்டையோ, உள்ளே ரப்பர்த் தூளோ இருந்தால் மட்டும் பேரம் பேசாதீர்கள். மாற்றிவிடுங்கள், அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகளும் வருகிறார்கள்.