புள்ளி மறைந்த நாளில் மருந்தை நிறுத்தாதீர்கள்!
இருங்காட்டுக்கோட்டை வண்ண மீன் தொட்டிகள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, நசரத்பேட்டை தாண்டினால் இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதையும் கடந்து ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருவது இருங்காட்டுக்கோட்டை. கார் பந்தயத் தடம், சிப்காட் தொழிற்பேட்டை, 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய் ஆலை என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரியும். ஷிப்ட் பேருந்துகள் வரிசை கட்டும் சாலையை விட்டு விலகி சுற்றுக் கிராமங்களுக்குள் போனால் ஏரியும் மதகும் நெல் வயலும் இன்னும் கண்ணில் படும்.

நிலம் சுருங்கி, வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சென்ட் மட்டும் மிஞ்சிய குடும்பத்துக்கு வண்ண மீன் வளர்ப்பு ஏற்ற உபதொழில். நான்கைந்து சிமென்ட் தொட்டி, ஓர் ஏரேட்டர், நல்ல தண்ணீர் இருந்தால் தொடங்கிவிடலாம். குஞ்சு வாங்கவும் வளர்ந்த மீனை விற்கவும் தூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்றான சென்னை கொளத்தூர், டூ-வீலரில் போய் வரும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதே டூ-வீலரில்தான் வெண்புள்ளி நோயும் ஊருக்குள் வருகிறது.

ஒரு வீட்டில் நடப்பது

இப்பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஆலையில் ஒப்பந்த வேலை. மாமனார் நவரைக்கு நாற்று விட்டிருக்கிறார். மூன்று மீன் தொட்டிகளையும் மருமகள் கவனிக்கிறார். பொங்கலுக்குள் மீனை விற்று மகளிர் குழுத் தவணையைக் கட்ட வேண்டும். மார்கழி ஞாயிறு ஒன்றில் கணவர் கொளத்தூரிலிருந்து தங்க மீன் குஞ்சுகளைப் பாலிதீன் பையில் வாங்கி வந்து நேராக முதல் தொட்டியில் கொட்டுகிறார்.

நான்கைந்து நாளில் மீன்கள் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்கின்றன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. பிறகு உடம்பெங்கும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. கைப்பிடி உப்பும் கடையில் கொடுத்த நீல மருந்தும் போடுகிறார்கள். மூன்றாம் நாள் புள்ளிகளைக் காணோம். ‘சரியாகிவிட்டது’ என்று எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் மூன்று தொட்டியிலும் மீன் செத்து மிதக்கிறது.

‘உப்பு போட்டேன், போனது, திரும்ப வந்துவிட்டது, ஏன்?’ வண்ண மீன் வளர்ப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது.

புள்ளி ஏன் மறைந்தது?

இக்தியோப்திரியஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணிதான் இந்த நோய்க்குக் காரணம். நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று வளரும் ஓர் உயிர். தோல் அதற்குக் கவசம் என்பதால் தண்ணீரில் போடும் மருந்து அங்கே எட்டாது. வளர்ந்து முடிந்ததும் தானே மீனை விட்டுக் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை கூட்டை உடைத்து வந்து மீனைத் தேடி நீந்தும். இரண்டு மூன்று நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துபோகும்.

உப்போ மருந்தோ இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். அதனால் புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் ஆகாது. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கித் தொட்டியடியில் பெருகிக்கொண்டிருக்கும் நேரம் அது. இந்தச் சுற்று 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். குளிரில் இன்னும் நீளும்.

எல்லாப் புள்ளியும் நோயல்ல

மருந்துக்கு முன் மீனை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண் தங்க மீனுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் சிறு வெள்ளை முட்கள் தோன்றும். மீன் சுறுசுறுப்பாக இருக்கும். இதற்கு மருந்தே வேண்டாம்.

பொன்தூள் தூவியதுபோல் மிக நுண்ணிய பூச்சு தெரிந்தால் அது ‘வெல்வெட்’ நோய். பஞ்சுபோல் வளர்ந்தால் பூஞ்சை. துடுப்போரத்தில் காலிஃபிளவர் போலக் கட்டிக் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. இறால் பண்ணைகளில் 1990-களில் பெரும் நஷ்டம் உண்டாக்கிய வெண்புள்ளி நோயும் பெயரளவில்தான் ஒன்று. அது இறாலைத் தாக்கும் வைரஸ், வண்ண மீனுக்கு வராது.

சில நேரம் ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருக்கும். உடம்பில் புள்ளியே தெரியாமல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் செவுளைச் சோதிக்க வேண்டும்.

உப்புக் கணக்கு

கைப்பிடிக் கணக்கு உதவாது. தொட்டியின் நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி தண்ணீர் என்றால் சுமார் 1,000 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 3 கிலோ கல் உப்பு வேண்டும். ஒரு கிலோவாக மூன்று தவணை, தவணைக்கு 12 மணி நேர இடைவெளி. வாளியில் கரைத்துத் தொட்டியைச் சுற்றி ஊற்ற வேண்டும். ஏரேட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும்.

தினமும் அடிக்கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றினால் கூடுகளும் சேர்ந்து போகும். 250 லிட்டர் எடுத்தால், புதுத் தண்ணீரோடு 750 கிராம் உப்பும் திரும்பச் சேர்க்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் இதைத் தொடர வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரில் பத்து நாள். அதன்பின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி உப்பைக் குறைக்கலாம்.

தங்க மீன், கப்பி, மோலி, பிளாட்டி இந்த அளவைத் தாங்கும். செதில் இல்லாத சிறு கெளுத்தி வகைகளும் டெட்ராக்களும் தாங்காது. அவற்றுக்குப் பாதி அளவு. கண்ணாடித் தொட்டியானால் அதோடு ஹீட்டர் போட்டு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 30 டிகிரிக்கு ஏற்றலாம். நீர்ச்செடிகளை முன்பே எடுத்துவிட வேண்டும். ஃபார்மலின் மனிதருக்கும் நஞ்சு. மீன்வளத் துறையினர் நேரில் வழிகாட்டாமல் அதைத் தொடக்கூடாது. மாலக்கைட் கிரீன் உணவு மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டது. கெண்டை வளர்க்கும் குளத்துப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

வராமல் தடுக்க

புது மீனுக்குத் தனித் தொட்டி, இரண்டு வாரம். பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்துவிட வேண்டும். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டிக்கு ஒரு வலை. பயன்படுத்தியபின் வெயிலில் முழுதும் உலர்த்த வேண்டும். மேற்சொன்ன வீட்டில் நோயை முதல் தொட்டியிலிருந்து மூன்றாம் தொட்டிக்குக் கொண்டுபோனது ஒரே ஈர வலைதான்.

பனி இறங்கும் இரவில் திறந்த தொட்டி சில்லிட்டு மீன் பலவீனப்படும்போது நோய் எளிதில் தொற்றும். மாலையில் தார்ப்பாய் போட்டு மூடுவது நல்லது. போர் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். ஊராட்சித் தொட்டி நீரானால் குளோரின் வெளியேறவும் அந்த ஒரு நாள் வேண்டும்.

ஏரியில் கொட்டாதீர்கள்

நோய் கண்ட மீனையும் தொட்டி நீரையும் வாய்க்காலில் விடுவது பெரிய தவறு. ஒட்டுண்ணி ஏரிக் கெண்டையையும் தாக்கும். செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன்களைப் பலரும் நீர்நிலையில் விட்டதால், தமிழக ஏரிகள் பலவற்றில் அது இன்று வலையைக் கிழிக்கும் தொல்லையாகிவிட்டது. செத்த மீனைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். உப்பு நீரை வயலிலும் விடாமல், பயிரில்லாத இடத்தில் ஊற்ற வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலோ கேட்கலாம். செத்து ஊறிய மீனை விட, நோயோடு உயிருடன் இருக்கும் மீனைத் தொட்டி நீரோடு கொண்டுபோனால் நோயைக் கண்டறிவது எளிது.

நாற்று விட்ட தேதியை மாமனார் காலண்டரில் குறித்து வைத்திருப்பார். கடைசிப் புள்ளி மறைந்த தேதியையும் மருமகள் அதே காலண்டரில் குறித்து, அங்கிருந்து பத்து நாள் எண்ணட்டும். அதுவரை உப்பும் ஏரேட்டரும் நிற்கக் கூடாது.