தானா மேரா: கரை போனது, பெயர் நின்றது



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் செம்மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை நாளில் செம்மண் சடக்கில் விழுந்து எழுந்து வந்த பிள்ளையின் வெள்ளைச் சட்டையைத் துவைத்த தாய்மாரைக் கேட்டால், அதன் குணம் முழுவதையும் சொல்லிவிடுவார்கள். அதே செம்மண் கடலோரத்தில் மதில்போல் நின்று, கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டிய ஓர் இடத்துக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன்.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலுள்ள தானா மேராதான் அந்த இடம். மலாய் மொழியில் ‘தானா’ என்றால் மண். ‘மேரா’ என்றால் சிவப்பு. கிளந்தானிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜொகூர் பாருவில் பசியாறிவிட்டுப் பாலத்தைக் கடந்து, எம்ஆர்டி ரயிலில் கிழக்கே போனால், பிடோக் நிலையத்தை அடுத்து வருவது தானா மேரா. 1989-இல் திறக்கப்பட்ட நிலையம் இது. சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் கிளைப்பாதை 2002 முதல் இங்கிருந்துதான் பிரிந்து செல்கிறது.

பள்ளி விடுமுறையில் அங்கே இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகள், அகன்ற சாலைகள், ஒழுங்காக வளர்த்த மரங்கள். சிவப்பு மண்ணையும் காணோம், கடலையும் காணோம். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “கடலா தம்பி? அது இங்கேயிருந்து தள்ளிப் போயி ரொம்ப வருசமாச்சே!” என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல, முழு உண்மை.

மலாக்காவில் 1563-இல் பிறந்தவர் மனுவேல் கோடின்யோ டி எரேடியா. தந்தை போர்த்துகீசியர், தாய் பூகிஸ் இனத்தவர். அவர் 1604-இல் வரைந்த படத்தில் சிங்கப்பூர்க் கரையோரமாகச் சில பெயர்களே உள்ளன. அவற்றுள் ஒன்று தானா மேரா. பின்னால் வந்த ஆங்கிலேயர்களும் பெரிய செங்கரை, சிறிய செங்கரை என்று இரண்டாகப் பிரித்துக் குறித்தார்கள். தானா மேரா பெசார், தானா மேரா கெச்சில் என்ற பெயர்கள் அவற்றையே சொல்கின்றன. கலங்கரை விளக்கங்கள் இல்லாத அந்தக் காலத்தில், பச்சைக் காட்டின் நடுவே பளிச்சென்று தெரிந்த இந்தச் சிவப்பே மாலுமிகளுக்கு அடையாளம்.

அந்த மண் அங்கே எப்படி வந்தது? பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய ஆறுகள் மலைப்பாறைகளிலிருந்து அரித்து வந்த மணலையும் சரளையையும் களியையும் அடுக்கடுக்காகக் கொட்டிச் சென்றன. சில இடங்களில் அந்தப் படிவின் ஆழம் 100 மீட்டருக்கும் அதிகம். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதி முழுவதும் பரவிய அது, நம் ஜொகூரின் தென்பகுதியிலும் கிடக்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்து மழையும் காற்றும் பட்டுத் துருவேறியதால் சிவந்தது. மழையில் மறந்து போட்ட அரிவாள் சிவப்பது போலத்தான்.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஒரு பிடி செம்மண்ணைப் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். களியோ நெடுநேரம் கலங்கியே நிற்கும். கடலும் செங்கரையில் இதைத்தான் செய்தது. அலை அடிவாரத்தைக் குடையும். மழையில் ஊறிய மேல்மண் பாளம் பாளமாகச் சரியும். களி கலங்கிக் கடலோடு போக, மணல் கரையில் தங்கும்.

கரை ஏன் எப்போதும் சிவப்பாகவே தெரிந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. தோட்டத்தில் புதிதாக வெட்டிய சடக்கோர மேடு, சில மாதங்களில் பெரணியும் புல்லும் மூடிப் பச்சையாகிவிடும். அடியில் ஓடும் கால்வாய் அதை அரித்துக்கொண்டே இருந்தால் மட்டும் சிவப்பு மாறாது. கடல் ஓயாமல் அரித்ததால்தான் செங்கரை சிவந்து நின்றது.

இந்த மண் பலவிதமாகப் பயன்பட்டது. இரும்புச்சத்து மிகுந்து இறுகிய செம்பாறைக் கல்லை உடைத்துப் பரப்பித்தான் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பழைய சாலைகள் பல போடப்பட்டன. நம் தோட்டத்துச் சடக்குகளும் அந்த வகைதான். கட்டட வேலைக்கு மணலும் தோண்டினார்கள். 1986-இல் கட்டி முடிக்கப்பட்ட பிடோக் நீர்த்தேக்கம் முன்பு மணல் தோண்டிய பள்ளமே.

எல்லாவற்றிலும் பெரிய பயன், அந்த மேடுகளையே இல்லாமல் ஆக்கிவிட்டது. இடம் போதாத தீவு சிங்கப்பூர். 1966-இல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் பெரும்பணி தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை இயந்திரங்கள் வெட்ட, நகரும் வார்ப்பட்டைகள் மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டின. இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,700 ஏக்கர் புதுநிலம் பிறந்தது. மரின் பரேட் குடியிருப்பும், குடும்பங்கள் உலாவரும் கிழக்குக் கரைப் பூங்காவும் அந்த நிலத்தில்தான் இருக்கின்றன. மேடு போயிற்று, கடலும் தள்ளிப் போயிற்று. செங்கரையும் அவற்றோடு மறைந்தது.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மண்ணின்மேல் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனாலும் மாலையில் பூங்காவில் நின்று கடலைப் பார்த்தபோது, நம் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இருந்த இடமும் கோயில் மேடும் தெரியாமல், பெயர்ப்பலகைகூட மாறிப்போன ஊர்கள் எத்தனை!

தானா மேராவின் கரை போனாலும், நானூறு ஆண்டுப் பழைய அந்தப் பெயரை யாரும் அழிக்கவில்லை. ரயில் நிலையத்தில் அதைப் படிக்கும் பிள்ளை, “ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்டால், ஒரு கடற்கரையே அதற்குப் பதிலாக வரும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே உட்கார்ந்து கேளுங்கள். நம் தோட்டத்து மேட்டுக்கும், ஆற்றுத் துறைக்கும், பழைய டிவிஷனுக்கும் அவர்கள் என்ன பெயர் வைத்து அழைத்தார்கள்? ஏன் அப்படி அழைத்தார்கள்? பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். மேட்டைக் காப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். அதன் பெயரைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.